ஈரல் பரிசோதனை அறிக்கை கையில் வந்தால்: யாழ்ப்பாணத்தில் முதன்முறை அலைபவர்களுக்கு

அந்தத் தாளை பஸ்ஸில் வைத்துத்தான் பிரித்தேன். பருத்தித்துறை போகும் 750 ஆம் இலக்க பஸ், யன்னலோர இருக்கை. பிலிருபின், அதாவது கூடினால் கண்ணை மஞ்சளாக்கும் நிறப்பொருள், 15.4 என்று இருந்தது. ஆறு வாரத்துக்கு முன் வேறோர் ஆய்வுகூடத்தில் எடுத்தபோது அது 0.9. பதினேழு மடங்கு ஏறிவிட்டது என்று நினைத்து, நெல்லியடி வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. இரண்டும் ஒரே அளவுதான், எழுதிய அலகுதான் வேறு என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

ஈரலில் ஏதோ பிழை என்பது, நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் தற்செயலாகத் தெரிந்த விடயம். முதல் அறிக்கையில் ஏ.எல்.ரி. (ஈரல் கலம் காயப்பட்டால் இரத்தத்தில் கசியும் நொதியம்) 162. அதிலிருந்து காரணம் தெரியும்வரை ஐந்து மாதம், மூன்று ஆய்வுகூடம், தேவையில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்த இரத்தம். நான் வைத்தியன் அல்லன், அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். இதைப் படித்துவிட்டு உங்கள் நோயை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். சரியான தாள்களோடும் சரியான கேள்விகளோடும் வைத்தியர் முன் போய் உட்கார இது உதவினால் போதும்.

1. காத்திருக்கலாமா, இன்றே போக வேண்டுமா?

எண்களைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள். கண் மஞ்சளாகி, பேச்சுத் தடுமாறுகிறது, அல்லது பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், மஞ்சளோடு நடுக்கக் காய்ச்சலும் வலப்பக்க மேல்வயிற்று வலியும். இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மாரி காலத்தில் காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால் அதைச் சாதாரணச் செங்கண்மாரி என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். எலிக்காய்ச்சலும் அப்படித்தான் தொடங்கும். 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் அது பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். வயலில், வெள்ளத்தில் கால் வைத்திருந்தால் அதை வைத்தியரிடம் முதல் வசனமாகவே சொல்லுங்கள்.

பனடோலை அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் நன்றாகவே நடமாடுவார். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. நஞ்சை முறிக்கும் மருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் கிடைத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணி ஒருவருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு என்றால் அன்றே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

சிறுநீர் கடுஞ்சாயத் தேநீர் நிறம், மலம் வெளிறிய சுண்ணாம்பு நிறம் என்றால் பித்தம் இறங்கும் வழி அடைபட்டிருக்கலாம். அதற்கு அதிகபட்சம் ஓரிரு நாள் அவகாசம். இவை எதுவும் இல்லாவிட்டால் மூச்சு விடுங்கள். மிச்சத்தை ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது.

2. பழைய தாள்களைத் தேடி எடுங்கள்

நான் கடைசியாகச் செய்ததும் முதலில் செய்திருக்க வேண்டியதும் இதுதான். ஒரு கோப்பு வாங்குங்கள். பழைய இரத்தப் பரிசோதனைகள், ஸ்கான் அறிக்கைகள், வைத்தியசாலையில் தங்கியிருந்தால் வீட்டுக்கு விடும்போது தந்த அட்டை, கிளினிக் கொப்பி, தேசிய அடையாள அட்டைப் பிரதி எல்லாம் திகதி ஒழுங்கில் அதற்குள் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் வேறு எதற்கோ எடுத்த பரிசோதனையில் உங்கள் ஏ.எல்.ரி. அப்போதே 70 என்று இருந்தால் கதையே மாறிவிடும்: அது நேற்று வந்த வருத்தம் அல்ல.

ஒற்றை ரூல் தாளில் ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் திகதி, பிறகு ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. (அதைப் போன்ற இன்னொரு நொதியம்), ஏ.எல்.பி., ஜி.ஜி.ரி. (இவை இரண்டும் பித்தக் குழாய்ப் பக்க நொதியங்கள்), பிலிருபின், அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), குருதிச் சிறுதட்டு (பிளேற்லெற்). ஆய்வுகூடத்தின் பெயரையும் அது தரும் மேல் எல்லையையும் (இயல்பான அளவின் உச்சம்) அருகில் எழுதுங்கள். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் பதினொரு தாளைப் புரட்ட எந்த வைத்தியருக்கும் முடியாது.

3. பெயரும் அலகும்

எஸ்.ஜி.பி.ரி. என்பதும் ஏ.எல்.ரி. என்பதும் ஒன்று. எஸ்.ஜி.ஓ.ரி. என்பதும் ஏ.எஸ்.ரி. என்பதும் ஒன்று. இது தெரியாமல் புதிதாக இரண்டு பரிசோதனைக்குப் பணம் கட்டியவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

பிலிருபினைச் சில ஆய்வுகூடங்கள் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் தரும், சில லீற்றருக்கு மைக்ரோமோலில் தரும். முதலாவதை 17.1 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 0.9 ஐப் பெருக்கிப் பாருங்கள், என் 15.4 வரும். கண்ணில் மஞ்சள் தெரிய மில்லிகிராம் கணக்கில் ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை ஏற வேண்டும்.

மேல் எல்லையும் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் 40, இன்னோரிடத்தில் 56. ஆகவே எண்ணைப் பார்க்காமல் மேல் எல்லையின் எத்தனை மடங்கு என்று பாருங்கள். முடிந்தால் ஒரே ஆய்வுகூடத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு எண்ணை அல்ல, கோலத்தைப் பாருங்கள்

‘ஈரல் செயற்பாட்டுப் பரிசோதனை’ என்ற பெயரே ஆளைக் குழப்பும். ஏ.எல்.ரி.யும் ஏ.எஸ்.ரி.யும் ஈரலின் செயற்பாட்டை அளப்பவை அல்ல. அவை கலங்களுக்குள் இருக்கும் நொதியங்கள். கலம் காயப்பட்டால் இரத்தத்தில் கசியும். ஈரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்பவை அல்புமினும், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆரும், பிலிருபினும். அல்புமின் ஆறுதலாகத்தான் குறையும், அதன் பாதி அழிய ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும். ஐ.என்.ஆர். ஓரிரு நாளிலேயே மாறிவிடும். எனக்கு ஏ.எல்.ரி. நான்கு மடங்கு ஏறியிருந்தும் இவை மூன்றும் சரியாக இருந்தன. அதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஐந்து மாதம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இனிக் கோலங்கள். ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. இரண்டும் ஏறி, ஏ.எல்.பி. பெரிதாக அசையாமல் இருந்தால் காயம் ஈரல் கலத்தில்: கொழுப்பு, வைரஸ், மருந்து, உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குவது ஆகியவை முதலில் நினைக்க வேண்டியவை. ஏ.எல்.பி.யும் ஜி.ஜி.ரி.யும் சேர்ந்து ஏறினால் பார்வை பித்தக் குழாய் பக்கம் திரும்ப வேண்டும்: கல், அடைப்பு, சில மருந்துகள். ஏ.எல்.பி. மட்டும் ஏறி ஜி.ஜி.ரி. சும்மா இருந்தால் அது எலும்பிலிருந்து வந்திருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் அது இயல்பாகவே கூடியிருக்கும்.

ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்றால் வைத்தியர் மதுவைப் பற்றிக் கேட்பார், கோபிக்க வேண்டாம். மது தனியாக ஏ.எஸ்.ரி.யை 300க்கு மேல் கொண்டுபோவது அரிது. அதற்கு மேல் என்றால் வேறொன்றும் சேர்ந்திருக்கிறதா என்று தேடுவார்கள். ஏ.எஸ்.ரி. மட்டும் ஏறியிருந்தால், முதல் நாள் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தீர்களா என்று யோசியுங்கள். தசையிலும் அந்த நொதியம் இருக்கிறது. டெங்குக் காய்ச்சலிலும் ஏ.எஸ்.ரி.தான் முந்திக்கொண்டு ஏறும்.

பிலிருபின் மட்டும் சற்றுக் கூடி, மற்ற எல்லாம் சரியாக இருந்து, அதிலும் மறைமுகப் பிலிருபினே (ஈரல் இன்னும் பதப்படுத்தாத பகுதி) கூடியிருந்தால் அது பெரும்பாலும் கில்பேட் எனப்படும் பிறவி இயல்பு. பட்டினி இருந்தால் அது இன்னும் ஏறும். கந்தசஷ்டி விரதம் முடித்த கையோடு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து அழுத உறவினர் ஒருவர் எங்கள் வீட்டிலும் உண்டு. இரத்தக் கலங்கள் உடைவதால் வரவில்லை என்று ஒருமுறை உறுதிப்படுத்தினால் போதும். அதற்கு மருந்து தேவையில்லை.

ஏ.எல்.ரி. ஆயிரத்தைத் தாண்டினால் காரணங்கள் சுருங்கிவிடும். புதிதாகத் தொற்றிய வைரஸ், பனடோல் போன்ற மருந்தின் நஞ்சு, இரத்த அழுத்தம் விழுந்து ஈரலுக்கு இரத்தம் போகாமை ஆகியவையே முன்னுக்கு நிற்கும். அது ஆறுதலாகத் தேடும் விடயம் அல்ல.

எல்லாரும் விழும் குழி இதற்கு நேர் எதிரானது: ஏ.எல்.ரி. சரியாக இருக்கிறது, ஆகவே ஈரல் நன்றாக இருக்கிறது என்ற முடிவு. முற்றிய தழும்புள்ள ஈரலில் ஏ.எல்.ரி. 30 ஆக இருக்கலாம். சிறுதட்டு குறைந்துகொண்டே போகிறது, அல்புமின் குறைகிறது என்றால் அந்த 30 ஐ நம்ப வேண்டாம்.

5. வாய்க்குள் போகும் அனைத்தையும் எழுதுங்கள்

என் கதை இங்கேதான் முடிச்சவிழ்ந்தது. ஐந்தாம் மாதம் பொது வைத்திய நிபுணர் ஒருவர் முன் உட்கார்ந்திருந்தோம். “வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?” என்று கேட்டார். “இல்லை, டொக்டர்” என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி, “அந்த முழங்கால் தூள்?” என்றார்.

உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தது. பெயரில்லாத பழைய பால்மா ரின், உள்ளே மண்ணிறத் தூள். காலையில் ஒரு தேக்கரண்டி, வெந்நீரில். நான் அதை மருந்தென்றே நினைத்திருக்கவில்லை. வைத்தியர் ரினைத் திறந்து முகர்ந்து பார்த்தார், மூடி வைத்தார், “இதை நிறுத்துங்கள்” என்று மட்டும் சொன்னார். முதல் அறிக்கை வந்ததிலிருந்து ஈரலுக்கு நல்லதென்று நான் அரைத்துக் குடித்துவந்த கீழ்க்காய் நெல்லியையும் நிறுத்தச் சொன்னார். எது குற்றவாளி என்று அவர் சொல்லவில்லை. இரண்டையும் நிறுத்தினால்தான் எதுவும் தெரியும் என்றார். நான்கு வாரத்தில் ஏ.எல்.ரி. 71. இன்னும் ஒரு மாதத்தில் 52.

ஆகவே பட்டியலில் குளிசை மட்டும் போதாது. தூள், லேகியம், கஷாயம், உடல் இளைக்கக் குடிப்பது, உடற்பயிற்சிக் கூடத்தில் தந்த மா எல்லாம் வரவேண்டும். கடந்த மூன்று மாதத்தில் எடுத்து முடித்தவையும் வரவேண்டும்: அமொக்சிசிலின்-கிளவுலனிக் அமிலம் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி, குளிசை முடிந்து சில வாரம் கழித்தும் செங்கண்மாரியைக் காட்டலாம். உறைகளையும் ரின்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

பனடோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மது அருந்துபவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் அதிலும் குறைவு. தடிமல் மருந்திலும் பனடோலில் உள்ள அதே பரசிற்றமோல் இருக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கணக்கெடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. காசநோய்க் குளிசை எடுப்பவர் அறிக்கையைப் பார்த்துப் பயந்து தானாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. மார்பு நோய்க் கிளினிக்குக்கு அன்றே சொல்ல வேண்டும். கொலஸ்ரரோல் குளிசையும் அப்படித்தான். ஏ.எல்.ரி. கொஞ்சம் கூடியதற்காக அதை நிறுத்திவிட்டு இதயத்தைப் பணயம் வைத்தவர்கள் உண்டு. மேல் எல்லையின் மூன்று மடங்குக்குக் கீழே என்றால் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள், கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மதுக் கணக்கில் பொய் சொன்னால் நட்டம் உங்களுக்குத்தான். கால் போத்தல் சாராயம், அதாவது 180 மில்லிலீற்றர், 33.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம். ஆணுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் தாண்டினாலே மதுவைக் காரணப் பட்டியலில் வைத்துத்தான் வைத்தியர்கள் பார்க்கிறார்கள். கள்ளும் கணக்கில் சேரும். “கள்ளு குளிர்ச்சி, அது மதுவில்லை” என்று சொல்லும் பெரியப்பாமாரை அன்போடு கேட்டுக்கொண்டு, அளவை எழுதிவிடுங்கள்.

6. காரணம் தேடும் பரிசோதனைகள்: ஒழுங்கும் செலவும்

அரச வழியில் போனால் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் பணம் இல்லை, நேரம்தான் செலவு. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் உங்களுக்கு அருகில் உள்ளதன் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம், தேவையானால் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து வையுங்கள். காலையில் நேரத்தோடு போங்கள், அரை நாள் விடுமுறை போதும் என்று நம்ப வேண்டாம்.

தனியாரில் நிபுணரின் கட்டணமும் வைத்தியசாலைக் கட்டணமும் வேறுவேறாகச் சேரும், அறிக்கை காட்ட மறுபடி வரும்போதும் கட்டணம் உண்டா என்று பதியும்போதே கேளுங்கள். ஈரல் பரிசோதனைகளைத் தொகுப்பாக எடுத்தால் தனித்தனியாக எடுப்பதைவிட மலிவா என்றும் கேளுங்கள். நான் ஏ.எல்.ரி.யை மட்டும் நான்கு தரம் எடுத்தேன். காரணம் தேடாமல் அதே எண்ணைத் திரும்ப எடுப்பது வெறும் செலவு.

மலிவானவற்றில் தொடங்குங்கள்: முழு ஈரல் தொகுப்பு, முழு இரத்தக் கணக்கு, சீனி, கொலஸ்ரரோல். இரத்தம் எடுக்கும் ஒரே நாளில் ஹெப்பரைற்றிஸ் பி, சி இரண்டுக்கும் கொடுத்துவிடலாம். பி வைரஸில் பார்க்க வேண்டியது மேற்பரப்புப் புரதம். அது ஆறு மாதத்துக்கு மேலும் இருந்தால்தான் நாட்பட்ட தொற்று. அதற்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பது நோயல்ல, பாதுகாப்பு. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடப்படுகிறது. ஊசியால் வந்த பிறபொருளெதிரியை நோயென்று நினைத்து ஒரு பிள்ளையின் வீட்டில் சமையலே நடக்காத நாளை நான் பார்த்திருக்கிறேன். செங்கண்மாரி திடீரென வந்திருந்தால், கிணற்று நீரும் சந்தேகத்துக்கு உரியதென்றால், ஹெப்பரைற்றிஸ் ஏ பரிசோதனையையும் கேட்பார்கள்.

அடுத்த படியில்தான் விலை ஏறும். ஈரலில் இரும்பு தேங்குகிறதா என்று பார்க்க, சேமித்த இரும்பைக் காட்டும் பெரிற்றின் மட்டும் எடுத்தால் குழப்பம்தான். கொழுப்பு ஈரலிலும் காய்ச்சலிலும் மதுவிலும் அது சும்மா ஏறும். இரும்பின் நிரம்பல் வீதத்தோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். தன்னெதிர்ப்பு நோய்க்கான பிறபொருளெதிரிகள், இளவயதினருக்குச் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கான செருலோபிளாஸ்மின் போன்றவை பெரும்பாலும் கொழும்புக்கு அனுப்பப்படும், பல நாள் எடுக்கும். வைத்தியர் எழுதித் தராமல் இவற்றை நீங்களாக எடுக்க வேண்டாம். கிளினிக் திகதிக்கு முன் முடிவு வருமா என்று ஆய்வுகூடத்தில் கேட்டுவிட்டே இரத்தம் கொடுங்கள். எனக்கு ஒருமுறை தாள் வந்தது கிளினிக்குக்கு மறுநாள்.

7. ஸ்கான்

வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் தெரியாமல் போகலாம். நீரிழிவு மருந்து எடுப்பவர் காலை நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

‘கொழுப்பு ஈரல், தரம் 1’ என்று வந்தால் அது தழும்பின் தரம் அல்ல, கொழுப்பு எவ்வளவு என்பதன் மதிப்பு மட்டும். ராகமையில் செய்யப்பட்ட ஆய்வொன்றில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. கொழுப்பு குறைவாக இருந்தால் ஸ்கானில் தெரியாமலும் போகும்.

8. தழும்பு உண்டா: வீட்டிலேயே ஒரு கணக்கு

வயதை ஏ.எஸ்.ரி.யால் பெருக்குங்கள். சிறுதட்டு எண்ணிக்கையை ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். என் கணக்கு: வயது 46 × ஏ.எஸ்.ரி. 38 = 1748. சிறுதட்டு 240, ஏ.எல்.ரி. 52, அதன் வர்க்கமூலம் 7.2, பெருக்கினால் ஏறத்தாழ 1730. விடை 1.01.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைக் கடந்தவருக்கு அந்த எல்லை 2. 2.67க்கு மேல் என்றால் நிபுணரிடம் போக வேண்டும். இடையில் நின்றால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கான் தேவையா என்று கேளுங்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல. சிறுதட்டு 240,000 என்று தாளில் இருந்தால் 240 என்றே போட வேண்டும். டெங்கு வந்து சிறுதட்டு விழுந்திருக்கும் வாரத்திலும், ஏ.எல்.ரி. குமுறிக்கொண்டிருக்கும் மாதத்திலும் இதைப் போட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

9. அடுத்த பரிசோதனை எப்போது?

சந்தேகமான மருந்தை நிறுத்தினால், கலக் காயக் கோலத்தில் ஒரு மாதத்துக்குள் எண் பாதியாக விழுவது வழக்கம். பித்தக் கோலம் என்றால் ஆறு மாதம்வரை இழுக்கலாம். நாளுக்கு நாள் எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஆனால் கண் மஞ்சளித்தால் திகதி பார்க்க வேண்டாம்.

என் 52 அதற்குக் கீழே இறங்கவில்லை. தூள் போனாலும் என் ஈரலில் கொழுப்பு இருக்கிறதே. உடல் நிறையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரலின் அழற்சியும் குறையும் என்றார்கள். 78 கிலோவில் அது குறைந்தது ஐந்தரை கிலோ. இராச் சாப்பாட்டில் ஒரு நீத்துப்பெட்டி புட்டு அரை நீத்துப்பெட்டியாகியிருக்கிறது. சீனி போடாத கோப்பி ஈரலுக்கு நல்லதென்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அம்மா மல்லிக் கோப்பியை நீட்டுகிறார். அது கணக்கில் வராது என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இப்போது 75 கிலோ, அடுத்த இரத்தமும் அதே ஆய்வுகூடத்தில்.